ராஜா வீட்டு மான்கள்

போன மாசம் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. மைசூருக்கு வந்தவங்களை ஜூவுக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா பாவம் சும்மா விடாது :-) அங்கே மான்களைப் பார்த்ததும் அக்கா பொண்ணு, "இதுக்கா மாமா இவ்வளவு தூரம்? எங்க கிண்டியிலேயே மான் இருக்கே!" என்றாள்.

நியாயமான கேள்விதான். ரெண்டுமே ஆள்பவர் வீட்டுத் தோட்டமாக இருந்தவை. இங்கே 1892-ல் பத்தாம் சாமராஜேந்திர உடையார் கோடைக்கால அரண்மனையை ஒட்டி, சுமார் 10 ஏக்கரில் 'அரண்மனை ஜூ' தொடங்கினார். கிண்டியோ 1821-ல் கவர்னருக்காக வாங்கிய மாளிகையைச் சூழ்ந்த காடு. இடைக்கால இங்கிலாந்தில் கோட்டைக்குப் பக்கத்தில் வேலி போட்டு, பிரபுக்கள் வேட்டைக்கும் விருந்துக்கும் மான் வளர்த்தார்கள். கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஆனால் ராஜாவும் கவர்னரும் போன பிறகு என்ன ஆச்சு? மைசூர் ஜூ அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1976-ல் காரஞ்சி ஏரியும் சேர்ந்து, இன்று 150 ஏக்கருக்கு மேல். கிண்டியில் 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது இருந்தது சுமார் 505 ஹெக்டேர். 1958-ல் ஐஐடிக்கு ஒரு பகுதி, பிறகு நினைவிடங்கள், அலுவலகங்கள் என்று போய், 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர்.

ஜூ வேறு, காடு வேறு என்பீர்கள். சரிதான். கூண்டு மானைவிடக் காட்டு மான் உசத்தி. அப்படியென்றால் அந்தக் காட்டை அல்லவா இன்னும் பத்திரமாக வைத்திருக்கணும்?

ஐஐடி வேண்டாமா என்றும் கேட்பீர்கள். என் பையனே அதற்குத்தான் கோச்சிங் போகிறான், நான் எப்படி வேண்டாம் என்பேன்! அந்த வளாகத்தில் இன்றும் புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. ஆனால் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். அவசரம் என்று எஃப்.டி.யை உடைப்பவர்கள் யாருமே அற்பக் காரணம் சொல்வதில்லை. எல்லாமே நல்ல காரணம்தான். அசல்தான் திரும்புவதில்லை.

ஒருத்தர் அனுபவிக்கப் போட்ட வேலி மானைக் காப்பாற்றியது. எல்லோருக்கும் சொந்தமானதும் கேட்க ஆளில்லை என்றால், அது நமக்குத்தான் அவமானம். அடுத்த லீவில் ஊருக்குப் போனால் பிள்ளைகளை மாலுக்கு மட்டும் அல்ல, கிண்டிக்கும் கூட்டிப் போங்கள். பார்த்தவர்கள்தானே நாளைக்குக் கேட்பார்கள்?

நீங்க என்ன சொல்றீங்க?