நாய்களும் நகரசபைகளும்

இரவு வண்டியில் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி வீடு நோக்கி நடக்கும் பிரயாணிக்கும், விடியுமுன் திண்டிவனம் கடைவீதிக்குப் புறப்படும் காய்கறிக்காரிக்கும் தெருநாய் சில்லறை விஷயம் அன்று. தேசத்தின் பெரிய பிரச்னைகள் கிடக்க, நாயைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர். வெறிநாய்க்கடியால் மாண்டவர்கள் 43 பேர். அந்த நோயின் குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் மிக மிக அரிது. உரிய காலத்தில் மருந்தூசி போட்டுக் கொண்டவர் மாள்வதும் மிக அரிது. ஆகவே இந்த 43 சாவுகளையும் விதியின் மேல் சுமத்த நாம் ஒப்போம்.

இவ்விஷயத்தில் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நாய்களையெல்லாம் பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. வாயில்லா ஜீவன்களைத் தொடக் கூடாது என்பது மற்றொரு கட்சி. இரண்டும் தவறு என்பது நமது அபிப்பிராயம்.

கொல்லும் வழியைச் சென்னை நகரம் நூறு ஆண்டுக்கு மேல் கையாண்டு பார்த்தது. நாய்கள் ஒழியவில்லை. காரணம் எளிது. பெட்டை நாய் சுமார் 63 நாள் சினை சுமந்து நான்கைந்து குட்டிகள் போடுகிறது. ஆண்டில் இரு முறை ஈனவும் கூடும். ஒரு தெருவில் நாயைப் பிடித்துச் சென்றாலும் அங்கே குப்பையும் எச்சில் இலையும் அப்படியே கிடக்கின்றன. எஞ்சிய நாய்கள் பெருகும். அடுத்த தெருவின் நாய்கள் வந்து இடத்தை நிரப்பும்.

தொடாமல் விட்டுவிடுவதும் கருணை ஆகாது. 1926-ல் ஆமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி சுமார் 60 தெருநாய்களைக் கொல்லச் செய்தபோது பெரும் கிளர்ச்சி எழுந்தது. அஹிம்சையே உருவான மகாத்மா அதைக் கண்டிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டார். எவனுக்கும் சொந்தமில்லாத நாய்க்குப் போகிற போக்கில் ஒரு கவளம் எறிவது தருமம் அன்று, பொறுப்பைத் தட்டிக் கழிப்பதே என்று ‘யங் இந்தியா’வில் வாரந்தோறும் எழுதினார். நாய்க்கு எஜமானன் இருக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மகாத்மாவின் முன் அன்று இரண்டே வழிகள் இருந்தன. இன்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. கருத்தடைச் சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே நாயை விட்டுவிடுவது அது. சென்னையில் 1959-ல் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார் இந்த யோசனையை 1964-லேயே முன்வைத்தார்கள். மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். ஒரு நல்ல யோசனை செவியில் ஏற 32 ஆண்டுகள்! 2001-ல் இந்திய சர்க்கார் இதற்கு விதிகள் வகுத்தார்கள். 2023-ல் அவற்றைப் புதுப்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும், வெறி கொண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்ற நாய்களுக்கு இந்த வழியையே உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாய்களை மட்டும் அங்கே திரும்ப விடாமல் காப்பிடத்தில் வைக்குமாறு கட்டளையிட்டது.

விதியும் தீர்ப்பும் இருக்கின்றன. இனி வேண்டுவது யாது? தெருநாய் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்டுக் கொள்ள வேண்டும். அது வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதில் ஒரு பங்கு நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே வருகிறது. வீட்டு நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிச் செல்ல ஆள் உண்டு. பெட்டைக் குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி, ஊர்க்கோடியிலோ சந்தை மேட்டிலோ நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலின் பின்புறத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். பிழைத்த குட்டி ஓராண்டுக்குள் தானே தாயாகி விடுகிறது. பூனைகளின் கதையும் இதுவே.

2023-ஆம் ஆண்டு விதிகள் தெருநாய்களின் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்களிடமும், வீட்டு நாய்களின் பொறுப்பை வளர்ப்பவரிடமும் ஒப்படைக்கின்றன. நியாயந்தான். ஆனால் நாற்று நட்டும் மூட்டை தூக்கியும் பிழைப்பவன், தன் வீட்டைக் காக்கும் நாய்க்குத் தனியார் வைத்தியரிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பது எப்படி? அவன் குழந்தையின் பள்ளிச் செலவுக்கே கடன் வாங்குகிறவன். கடமையை ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு, அதை நிறைவேற்றும் வழியைப் பணக்காரனுக்கு மட்டும் திறந்து வைப்பது சட்டத்தைக் கேலிக்கூத்தாக்குவதாகும்.

இயற்கைக்கு விரோதம் என்று ஆட்சேபிப்பவர்கள் நம் குடியானவர்களைக் கேட்கட்டும். காளைக்குக் காயடிப்பது நமக்குப் புதிதன்று. தென்னார்க்காட்டு மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஏர் இழுத்தவை காயடித்த எருதுகளே. அன்று மயக்க மருந்தும் இல்லை. மாடு பட்ட வேதனை கொஞ்சமும் அன்று. இன்று நாய் உறங்கும்போதே சிகிச்சை முடிந்து விடுகிறது. குட்டிகள் பிறந்து, பசியாலும் சொறியாலும் லாரிச் சக்கரத்தாலும் மடிவதைவிடப் பிறவாதிருப்பதே ஜீவகாருண்யம்.

ஆகவே நாம் சொல்வது இது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். இரு நகரசபைகளும் செலவைப் பகிர்ந்து கொண்டு, தேர்ந்த வைத்தியரும் தங்கவைக்கும் கொட்டடியும் உள்ள சிகிச்சை நிலையம் ஒன்றை ஆண்டு முழுவதும் நடத்தலாம். சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் ஒரு நாளை வீட்டு நாய், பூனைகளின் கருத்தடைக்கென்றே ஒதுக்க வேண்டும். வசதியுள்ளவரிடம் சிறு கட்டணம் பெறலாம். ரேஷன் அரிசியை நம்பி வாழ்பவரிடம் ஒரு காசும் பெறலாகாது. ஒரு வார்டில் பத்து நாய்களுக்குச் செய்துவிட்டுப் படம் எடுத்துக் கொள்வதால் பயனில்லை. ஒரு வார்டின் நாய்களில் பெரும்பகுதிக்குச் செய்து முடித்த பின்பே அடுத்த வார்டுக்குப் போக வேண்டும். நூற்றுக்கு 70 நாய்களுக்கேனும் ஊசி போட்டால்தான் வெறிநோயின் சங்கிலி அறும் என்பது நிபுணர்களின் முடிவு. இறைச்சிக் கடை, ஓட்டல் கழிவுகளை அன்றன்றே அகற்றுவதும் இதே வேலையின் ஒரு பகுதிதான்.

இதற்குப் பணம் ஏது என்பார்கள். நாய் கடித்த பின் போடும் ஊசிக்குச் சர்க்கார் பணம் செலவாகிறது. கடிபட்டவனுக்குக் கூலி நாட்கள் போகின்றன. கடிக்கு முன் செலவிட மறுப்பவர்கள் கடிக்குப் பின் பன்மடங்கு செலவிடுகிறார்கள்.

வார்டுதோறும் கொடி கட்டும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறிய உங்களுக்கு, எந்த வீட்டில் எத்தனை நாய் என்பது தெரியும். அந்தக் கணக்கை எழுதி நகரசபைக் கூட்டத்தில் உங்கள் பிரதிநிதியின் கையில் கொடுங்கள். கருத்தடை நிலையத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வரை விடாமல் கேளுங்கள். ஊரை ஆளும் உரிமையைக் கேட்டுப் பெற்றவர்கள், ஊரின் தெருவைக் குழந்தைகள் அச்சமின்றி நடக்கும் தெருவாகச் செய்யும் பொறுப்பையும் ஏற்றுக் கொள்ள வேண்டும்.