நேற்றுக்குப் போகும் விமானம்

சமோவாவின் ஃபலியோலோ விமான நிலையத்திலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். சிறு விமானத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புகிறவர் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் போய் இறங்குகிறார். நடுக்கடலில் சர்வதேசத் தேதிக்கோடு கிடக்கிறது. பிறந்தநாளை இருமுறை கொண்டாடலாம் என்று பயணக் கட்டுரைகள் குதூகலிக்கின்றன. நாமும் முதலில் சிரித்துக்கொண்டேதான் படித்தோம்.

அந்தக் கோடு இயற்கை போட்டதன்று. 1892இல் அமெரிக்க வணிகத்தின் வசதிக்காக சமோவா தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டபோது ஜூலை 4 இருமுறை வந்தது. (அமெரிக்க சுதந்திர தினமே இரட்டித்தது தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் அப்போது அபியாவுக்கு அருகே வைலிமாவில் குடியிருந்தார்; அந்த இரட்டைத் திங்கட்கிழமையை அவரும் கண்டிருப்பார்.) பின்னர் வணிகம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் திரும்பியது. 2011இல் சமோவா மீண்டும் கோட்டைத் தாண்டியது. டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமை அங்கே விடியவேயில்லை. அமெரிக்க சமோவா இருந்த இடத்திலேயே இருந்துகொண்டது. ஒரே மொழி, ஒரே உறவுமுறை கொண்ட மக்களை 1899இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கிட்டுக்கொண்டதன் தொடர்ச்சிதான் இது.

இத்தகைய இடங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'தொலைதூரத் தீவு' என்று அடைமொழி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே நேரும் துயரங்களுக்கு அந்தத் தொலைவே காரணம் என்பதுபோல. இதை நாம் ஏற்பதற்கில்லை.

1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்ற கப்பல் அபியாவில் நின்றது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். மேற்கு சமோவாவை அப்போது ஆண்ட நியூசிலாந்து ராணுவ நிர்வாகம் பயணிகளை இறங்கவிட்டது. சில வாரங்களுக்குள் சுமார் 8,500 பேர் இறந்தனர். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கே அமெரிக்க ஆளுநர் ஜான் பொயர் துறைமுகத்தில் கடுமையான தனிமைப்படுத்தலை விதித்தார். அங்கே இன்ஃபுளுயென்சாவுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. அவர் அனுப்ப முன்வந்த மருத்துவ உதவியையும் மேற்கின் நிர்வாகி லோகன் பெற்றுக்கொள்ளவில்லை. இரு தீவுகளும் உலகிலிருந்து ஒரே அளவு தொலைவில்தான் இருந்தன. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அபியாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்து சேர எண்பத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. பயண நேரம் என்று கணக்கிட வேண்டுமென்றால் இதையல்லவா முதலில் கணக்கிட வேண்டும்?

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2018இல் செவிலியரின் தவறால் மருந்து மாற்றிக் கலக்கப்பட்டு, தடுப்பூசி போட்ட இரண்டு குழந்தைகள் சமோவாவில் இறந்தன. தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. அஞ்சிய பெற்றோரிடையே வதந்திகள் பரவின. மறு ஆண்டு தட்டம்மை வந்தது. 83 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். முக்கால் மணி நேரத்துக்கு அப்பால், தடுப்பூசியை விடாது போட்டுவந்த அமெரிக்க சமோவாவில், அதே தட்டம்மைக்கு ஒரு குழந்தைகூட இறக்கவில்லை.