ஓசூர் ஓட்டல்களின் ‘கார்ப்பரேட் ரேட்’: ஜிஎஸ்டி குறைந்தது, எல்லோருக்கும் லாபமா?

ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக். மெஷின் பொருத்த வரும் இன்ஜினீயர், ஆடிட்டர், சப்ளையர் என கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இப்படி வருபவர்களுக்காக, கம்பெனிகள் ஓட்டல்களுடன் முன்கூட்டியே பேசி முடிக்கும் விலைதான் ‘கார்ப்பரேட் ரேட்’. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறிய பிறகு, அந்தப் பேரத்தின் கணக்கும் மாறிவிட்டது.

விலை எப்படிக் குறைகிறது?

‘வருஷத்துக்கு இத்தனை ரூம் எடுப்போம்’ என்கிறது கம்பெனி. வேலை நாட்களில் ரூம் நிரம்பும், ஆன்லைன் தளத்துக்குக் கமிஷன் தர வேண்டாம் என்பதால் ஓட்டல் விலையைக் குறைக்கிறது. காலை டிபன், ஒரு மாதக் கடன் எல்லாம் பேரத்தில் சேரும். கடைசி ரூம் வரை அதே ரேட் செல்லும் என்று எழுதி வாங்குவது முக்கியம். இல்லாவிட்டால், கூட்டம் உள்ள நாளில் ‘அந்த ரேட்டுக்கு ரூம் இல்லை’ என்று சொல்லிவிடலாம். கம்பெனி சொன்ன அளவு ரூம் எடுக்கவில்லையா? அடுத்த வருஷம் ரேட்டை ஓட்டல் ஏற்றும்.

ஜிஎஸ்டியில் என்ன மாறியது?

நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான ரூம்களுக்கு வரி 12%-லிருந்து 5% ஆனது. ஆனால் ரிப்பேர், செக்யூரிட்டி போன்ற செலவுகளுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை ஓட்டல் இனி உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமையை ரூம் ரேட்டில் ஏற்றத்தானே பார்க்கும்?

எல்லையில் ஏன் இரண்டு கணக்கு?

ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநில வரிதான் பில்லில் வரும். கர்நாடகத்தில் மட்டும் ஜிஎஸ்டி பதிவுள்ள பெங்களூரு கம்பெனி, ஓசூர் பில்லுக்கான வரியை வரவு எடுக்க முடியாது. தமிழ்நாட்டுப் பதிவுள்ள ஓசூர் கம்பெனியால் முடியும்.

ஓர் உதாரணம். ரூம் ரூ.4,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பு பெங்களூரு கம்பெனிக்கு வரியோடு ரூ.4,480 செலவு, இப்போது ரூ.4,200. ஓசூர் கம்பெனிக்கு வரி வரவு போக அன்றும் ரூ.4,000, இன்றும் ரூ.4,000.

இப்போது ஓட்டல் ரேட்டை ரூ.4,200 ஆக்கினால்? பெங்களூரு கம்பெனி ரூ.4,410 கட்டும், பழைய செலவைவிட ரூ.70 குறைவுதான். ஓசூர் கம்பெனிக்கோ ரூ.200 கூடுதல் செலவு.

அதாவது, ‘வரி குறைந்துவிட்டது’ என்ற பேச்சை நம்பி ரேட் உயர்வுக்கு ஒப்புக்கொண்டால், உள்ளூர் கம்பெனிக்குத்தான் நஷ்டம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வரிக்கு முந்தைய ரேட்டை வைத்துத்தான் அது பேச வேண்டும். தங்கப் போகும் ஊழியரும் செக்-இன்னிலேயே கம்பெனியின் தமிழ்நாடு ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பில்லில் அந்த எண் இல்லையென்றால், வரி வரவு கைவிட்டுப் போகும்.