மழைக்காலத்தில் சேறாகும் கோழிப்பட்டி... தரையில் என்ன பரப்பலாம்?

‘கொல்லையில் 20 அடிக்கு 10 அடி வலை அடைத்து 15 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். களிமண் பூமி. அடைமழையில் பட்டி முழுக்கச் சேறாகிவிடுகிறது. போன ஐப்பசியில் 4 குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்து செத்துப்போயின. தரையில் புல் வளர்க்கலாமா, சிமென்ட் போட்டுவிடலாமா?’ என்று திருவாரூர் மாவட்ட வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே சரிவராது. 200 சதுர அடியில் 15 கோழிகள் நாள் முழுக்கச் சீய்த்தால் அருகம்புல்கூட நிலைக்காது. சிமென்ட் தரையில் சீய்க்கவே வழியில்லை. பாதத்திலும் புண் வரும்.

குஞ்சுகளுக்கு வந்தது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல் நோயாக இருக்கும். எச்சத்தோடு வெளியேறும் அதன் கிருமி, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். ஆகவே தண்ணீரை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. சேற்றின் மேல் எதைக் கொட்டினாலும் அதுவும் சேறுதான். மேல்சேற்றை வழித்தெடுத்துவிட்டு, கிராவல் மண் அடித்து அரையடி உயர்த்தி, ஒரு பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும். சுற்றிலும் சிறு வாய்க்கால் போதும். கூரைத் தண்ணீர் பட்டிக்குள் விழுந்தால் அதையும் திருப்பிவிட வேண்டும்.

டெல்டாவில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால், திறந்தவெளியில் அது காற்றில் பறக்கும், மழையில் மிதக்கும். இரவில் அடையும் கொட்டகைக்குள் 3 அங்குலம் பரப்ப உமியோ கடலைத்தோலோ நல்லது. பூசணம் பிடித்த கடலைத்தோலைத் தொடவே கூடாது. தென்னை நார்க்கழிவு தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கும் கூரை வேண்டும். முழு வைக்கோல் நனைந்தால் பாயாகப் படிந்து பூசணம் பூக்கும். மழை படும் முற்றத்துக்கு, தண்ணீர் இறங்கிப்போகும் முரட்டுப் பொருள்தான் ஏற்றது. மரச்சிராய், துண்டாக வெட்டிய தேங்காய் மட்டை, சருகு ஆகியவற்றைக் கலந்து பரப்பலாம். மருந்தடித்த மரத்தின் சிராய் வேண்டாம்.

கொட்டகைப் பரப்பில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்த்தால் போதும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்; உதிர்ந்தால் சரி. தண்ணீர்ச் சட்டியைச் சுற்றித்தான் முதலில் கட்டிபிடிக்கும். அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிது போடலாம். அள்ளியதை நேரே செடிக்குப் போட்டால் வேர் கருகும். சாணக்கரைசல் தெளித்து மட்கவைத்த பிறகே தோட்டத்துக்குப் போக வேண்டும்.

பசுமையும் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. அரையடி உயரத்தில் மரச்சட்டம் அடித்து, மேலே கம்பிவலை கட்டி, உள்ளே அருகம்புல்லை வைக்கலாம். வலைக்கு மேல் வரும் நுனியைக் கோழிகள் கொத்தும். வேரைச் சீய்க்க முடியாது.

தரையைச் சரிசெய்த பிறகும் குஞ்சு இரத்தமாகக் கழிந்தால், அன்றைக்கே தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். குடிநீரில் கலக்கும் மருந்து இருக்கிறது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.