தங்கக் கட்டி வாங்குவோர் கவனத்திற்கு

கடந்த 2025 அக்டோபர் மாதத்தில் உலக சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை முதற்றடவையாக 4,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அதே மாதத்தின் நடுப்பகுதியில் கொழும்பு செட்டியார் தெருவில் 24 கரட் தங்கத்தின் விலை பவுண் ஒன்றுக்கு 4 இலட்சம் ரூபாவை எட்டியது. மகளின் திருமணத்திற்கென நகை சேர்த்துவந்த நடுத்தரக் குடும்பங்கள் இதனால் திகைத்துப்போயின. மறுபுறத்தில், கையில் ஓரளவு பணமுள்ளவர்கள் நகையைத் தவிர்த்து, தங்கத்தைக் கட்டியாகவே வாங்கி வைப்பது உசிதமா என்று விசாரிக்கத் தலைப்பட்டுள்ளனர். பேலியகொடை மெனிங் சந்தையின் மொத்த வியாபாரி முதல் வெள்ளவத்தையில் பிள்ளைகள் அனுப்பும் வெளிநாட்டுப் பணத்தில் வாழும் முதியவர் வரை பலருக்கும் இக்கேள்வி பொதுவானதாக இருக்கின்றது. ஆகவே, இது குறித்துச் சில விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம்.

தங்கத்தின் மீது எமது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. ஆயுட்காலச் சேமிப்பை வங்கியில் நிலையான வைப்பாக வைத்திருந்தவர்கள், தொகை குறையாமலே அதன் பெறுமதி கரைந்து போவதைக் கண்டார்கள். தங்கம் வைத்திருந்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. மக்கள் அனுபவத்தில் கண்டறிந்த பாடம் இது.

அரசாங்கமே இப்பாடத்தைக் கற்கத் தவறியது என்பதையும் இங்கு நினைவூட்டாமல் இருக்க முடியாது. 2021 நவம்பர் இறுதியில் 38 கோடியே 20 இலட்சம் டொலராக இருந்த மத்திய வங்கியின் தங்கக் கையிருப்பு, அடுத்த ஒரே மாதத்தில் 17 கோடியே 50 இலட்சம் டொலராகக் குறைந்தது. வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, அவுன்ஸ் ஒன்று சுமார் 1,800 டொலராக இருந்த காலத்தில் அது விற்கப்பட்டது. அந்த விற்பனை நாட்டைக் காப்பாற்றவுமில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென அரசாங்கம் அறிவித்தது. நெருக்கடி முற்றிய பின்னர் விற்கப்படும் தங்கம் விற்பவரின் விருப்பத்துக்கு அன்றி, கடன்காரரின் அவசரத்துக்கே விலை போகும். குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

இனி, கட்டி என்பது என்னவென்று பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் கட்டிகள் இரு வகைப்படும். உருக்கிய தங்கத்தை அச்சில் ஊற்றி ஆறவைத்து எடுப்பது வார்ப்புக் கட்டி. தகடாக்கி, வெட்டி, முத்திரை அழுத்தி மெருகேற்றுவது அச்சுக் கட்டி. வார்ப்புக் கட்டியின் மேற்பரப்பு கரடுமுரடாக, ஓரங்கள் ஒழுங்கின்றி இருக்கும். ஆனால், தயாரிப்புச் செலவு குறைவென்பதால் தங்கத்தின் பெறுமதிக்கு மேலாகக் கொடுக்க வேண்டிய தொகையும் குறைவாகும். கட்டியின் மீது சுத்திகரித்த நிறுவனத்தின் முத்திரை, நிறை, தூய்மை ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். தரமான கட்டிகள் பலவற்றில் தொடரிலக்கமும் இருக்கும். 999.9 என்ற இலக்கம் ஆயிரத்தில் 999.9 பங்கு தங்கம் என்பதைக் குறிக்கும். 22 கரட் நகையிலோ ஆயிரத்தில் ஏறத்தாழ 916 பங்கே தங்கம்.

நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுக்கின்றோம். விற்கும்போது அவை திரும்பக் கிடைப்பதில்லை. முதலீடு ஒன்றையே நோக்கமாகக் கொண்டவருக்கு இது வீண் செலவாகும். அந்த வகையில் கட்டியே சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. எனினும், கட்டிக்கும் ஒரு குறைபாடு உண்டு. அதை உடைத்து விற்க முடியாது. ஒரு கிலோக் கட்டி 125 பவுண் நிறையுடையது. வளைகுடா நாடுகளிலும் இந்தியாவிலும் பெயர்பெற்ற பத்துத் தோலாக் கட்டி 116.64 கிராம், அதாவது பதினான்கரைப் பவுணுக்குச் சற்று அதிகம். 100 கிராம் கட்டி பன்னிரண்டரைப் பவுண். திடீரென ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டால் ஒரு சோடி காப்பை மாத்திரம் விற்கலாம், அல்லது அடைவு வைக்கலாம். கட்டியானால் முழுவதையுமே விற்றாக வேண்டும். எனவே, பெரிய கட்டி ஒன்றிலும் பார்க்கச் சிறிய கட்டிகள் பல வைத்திருப்பது, கூடுதல் கட்டணம் சற்று அதிகமானாலும், சாதாரண குடும்பத்துக்குப் பொருத்தமானது. தான் கொடுக்கல் வாங்கல் செய்யும் வங்கி கட்டியை அடைவாக ஏற்குமா, எந்த ஆவணத்தைக் கேட்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்னரே விசாரித்துக்கொள்வது நன்று.

விலை பற்றியும் நிதானம் தேவை. உள்ளூர் விலை நியாயமானதா என்று யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உலக சந்தையின் அவுன்ஸ் விலையை 31.1 ஆல் வகுத்து, எட்டால் பெருக்கி, டொலரின் ரூபாப் பெறுமதியால் மீண்டும் பெருக்கினால் ஒரு பவுணின் அடிப்படை விலை கிடைக்கும். அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 300 ரூபா எனக் கொண்டால் அது சுமார் 3 இலட்சத்து 9 ஆயிரம் ரூபாவாகும். இதற்கு மேல் கேட்கப்படும் தொகை வரி, இறக்குமதிச் செலவு, வியாபாரியின் இலாபம், தட்டுப்பாடு ஆகியவற்றால் சேர்வது. இந்த இடைவெளி அகலமாக இருக்கும் நாளில் வாங்குபவர், உலக விலை வீழாவிட்டாலும் நட்டமடையக்கூடும்.

தங்கத்தின் விலை வீழவே மாட்டாது என்ற எண்ணமும் தவறானது. 1980 ஜனவரியில் 850 டொலரை எட்டிய அவுன்ஸ், 1999 இல் 260 டொலருக்கும் கீழே இறங்கியது. 2011 செப்டெம்பரில் 1,900 டொலரைத் தாண்டியது, 2015 டிசம்பரில் 1,050 டொலர் மட்டத்துக்கு வந்தது. இதன் பாதிப்பை இலங்கை நேரடியாகவே கண்டது. விலை உச்சத்தில் இருந்தபோது நகைக்குக் கடன் வழங்கிய வங்கிகள், 2013 இல் விலை சரிந்ததும், மீட்கப்படாத நகைகளுடன் தவித்தன. கடனிலும் பார்க்க நகையின் பெறுமதி குறைந்ததால் பலர் மீட்க வரவில்லை. 2014 இல் மத்திய வங்கி அடைவுக் கடன்களுக்கென உத்தரவாதத் திட்டமொன்றைக் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. 2025 அக்டோபரிலும் உச்சத்தைத் தொட்ட தங்கம் ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கும் அதிகமாக வீழ்ந்தது. கடன் பட்டோ, காணியை ஈடு வைத்தோ தங்கம் வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால், தமிழ், முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரையில் விலைச் சரிவிலும் பெரிய ஆபத்தொன்று உண்டு. அது எமது வரலாற்றோடு தொடர்புடையது. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சொத்து என்பதாலேயே எமது மக்கள் தங்கத்தை நம்பினார்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டபோது, மடியில் முடிந்துகொண்ட நகையே பலருக்கு மிஞ்சியது. பலருக்கு அதுவும் மிஞ்சவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. பெண்களின் காதணிகள் கூடக் கழற்றி எடுக்கப்பட்டன. அதே காலப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களிடமும் தலா இரண்டு பவுண் கோரப்பட்டது. ஆயுதம் தாங்கியவர் முன்னால் தங்கம் தன் உரிமையாளரைக் காக்கவில்லை. எது யாருடையது என்று பின்னர் நிறுவவும் வழி இருக்கவில்லை.

வன்னித் தங்கத்தின் கதை இதனை மேலும் உணர்த்துகின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இயங்கிய வைப்பகங்களில் மக்கள் தமது நகைகளை அடைவு வைத்திருந்தனர். 2009 இல் யுத்தம் முடிந்தபோது அவற்றை இராணுவம் கைப்பற்றியது. 2014 இல் ஒரு பகுதி உரிமையாளர்களிடம் திருப்பி வழங்கப்பட்டது. எஞ்சியிருந்த தங்கமும் வெள்ளியும் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ 2025 மே மாதத்தில்தான். அப்போது யுத்தம் முடிந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. இடப்பெயர்வின்போது பற்றுச்சீட்டைத் தொலைத்த தாய், அந்தத் தாலிக்கொடி தன்னுடையதென்று எவ்வாறு நிரூபிப்பார்? இத்தங்கத்தின் விபரங்கள் பகிரங்கப்படுத்தப்பட்டு, மாற்றுச் சாட்சியங்களும் ஏற்கப்பட்டு, உரியவர்களிடம் அவை சேர்க்கப்பட வேண்டும். இதனை அரசாங்கத்தின் கருணையாக அன்றி, அந்த மக்களின் உரிமையாகவே நாம் வலியுறுத்துகின்றோம்.

நகையையாவது அதன் வேலைப்பாட்டைக் கொண்டு, திருமணப் புகைப்படத்தைக் கொண்டு அடையாளம் காட்டலாம். கட்டிக்கு அந்த அடையாளமும் கிடையாது. ஒரு நிறையுடைய கட்டிகளெல்லாம் பார்வைக்கு ஒன்றே. தொடரிலக்கமும் கொள்வனவுப் பற்றுச்சீட்டுமே அதன் உரிமையை நிலைநாட்டுபவை. எனவே, தொடரிலக்கம் குறிப்பிடப்பட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் கட்டி வாங்கலாகாது. பற்றுச்சீட்டையும் கட்டியையும் ஒரே அலுமாரியில் வைப்பதும் புத்திசாலித்தனமல்ல. அதன் பிரதிகளைக் குறைந்தது வேறு இரு இடங்களில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் உறவினர் இருப்பின் அவரிடமும் ஒரு பிரதி இருப்பது நல்லது.

பற்றுச்சீட்டில்லாத கட்டி மலிவாகக் கிடைக்கின்றதென்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 2023 மே மாதத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே மூன்று கிலோவுக்கும் அதிகமான தங்கத்துடன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்கத்தினரிடம் சிக்கினார். அடுத்த சில நாட்களில் மன்னார் வளைகுடாவில், இலங்கையிலிருந்து கடத்தப்பட்டதாகக் கூறப்பட்ட 32 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தை இந்திய அதிகாரிகள் மீட்டனர். இந்தியாவின் இறக்குமதி வரி 2022 ஜூலையில் 15 சதவீதமாக உயர்த்தப்பட்டதும், 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் இந்தக் கடத்தலோடு பிணைந்த விடயங்கள். கடத்தல் தங்கத்தை அறியாமல் வாங்கியவரும் பொருளை இழந்து விசாரணைக்கும் முகங்கொடுக்க நேரிடும். போலிகளும் உண்டு. தங்கத்துக்கு ஏறத்தாழச் சமமான அடர்த்தியுடைய டங்ஸ்டன் உலோகத்தை உள்ளே வைத்துச் செய்யப்படும் கட்டியை நிறையைக் கொண்டோ உரைகல்லைக் கொண்டோ கண்டுபிடிப்பது கடினம். 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடுதல் சட்டத்தின் கீழ் தங்க வியாபாரிகளுக்கும் கடமைகள் உண்டு. அடையாள அட்டை கேட்கும் கடைக்காரரை நொந்துகொள்ளாமல், கேட்காத கடைக்காரரையே சந்தேகிக்க வேண்டும்.

முஸ்லிம் வாசகர்கள் மேலும் இரண்டு விடயங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது ஸகாத். அணிவதற்கான நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இலங்கையில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் வழமையான அளவு அணிகலன்களுக்கு விலக்குண்டு. சேமித்து வைக்கும் கட்டிக்கு அந்த விலக்கில்லை. நிஸாப் அளவு பொதுவாக 85 கிராம் என்று கொள்ளப்படுவதால், 100 கிராம் கட்டியொன்றை ஒரு சந்திர ஆண்டு வைத்திருந்தாலே இரண்டரை சதவீதம் கடமையாகிவிடும். இரண்டாவது, தங்கத்தைப் பணத்துக்கு வாங்கும்போது இருபக்கக் கைமாற்றமும் அதே அமர்வில் நிகழ வேண்டும் என்பது. முற்பணம் செலுத்தி விலையை முடக்கிவைப்பதும், தவணைக்கு வாங்குவதும் பற்றி ஆலிம்களிடம் தெளிவு பெறுவது அவசியம். கண்ணால் காணாத தங்கத்தைக் கடதாசியில் விற்பவர்களிடம் ஏமாறாதிருக்கவும் இந்த விதி உதவும்.

மற்றுமொரு விடயத்தைப் பலரும் சிந்திப்பதில்லை. தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. இஸ்லாமியச் சட்டத்தில் மஹர் மனைவிக்கே உரியது. கழுத்திலும் கையிலும் இருக்கும் நகை யாருடையதென்று யாரும் கேட்பதில்லை. அது கட்டியாக மாறி, கணவனின் பெயரிலுள்ள வங்கிப் பெட்டகத்துக்குள் சென்றுவிட்டால், நாளை மணமுறிவோ மரணமோ நேரும்போது அப்பெண் கையில் எதுவும் இருக்காது. மனைவியின் நகையை விற்றுக் கட்டி வாங்கும் குடும்பங்கள் பற்றுச்சீட்டை அவளுடைய பெயரிலேயே எழுதுவிக்க வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அரசாங்கத்துக்கும் இதில் பொறுப்புண்டு. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனை வசதி வடக்கு, கிழக்கு மக்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும். தரச்சான்றுடைய சிறு கட்டிகளை அரச வங்கிகள் ஊடாக விற்று, அறிவிக்கப்பட்ட விலையில் மீளக் கொள்வனவு செய்யும் ஏற்பாடு குறித்து மத்திய வங்கி ஆராய வேண்டும். ஒளிவுமறைவான சந்தைக்குச் செல்லும் பணத்தின் ஒரு பகுதியை இதனால் நேர்வழிக்குக் கொண்டுவரலாம்.

தங்கம் வட்டி தருவதில்லை, தொழில் தருவதில்லை. கடன்களைத் தீர்த்து, ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி, பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்த பின்னர் எஞ்சுவதில் ஒரு பங்கைத் தங்கமாக வைத்திருப்பதை நாம் குறைகூற மாட்டோம். இந்த நாட்டில் எமது மக்கள் பட்ட பாட்டைப் பார்க்கும்போது அப்படி வைத்திருப்பது நியாயமானதே. ஆனால் முன்னைய தலைமுறைகள் இழந்த தங்கத்துக்கு இன்றுவரை கணக்கில்லை. இன்று வாங்கப்படும் தங்கத்துக்காவது கணக்கு இருக்க வேண்டும்.