விமானக் காட்சியும் தண்ணீர்ப் பந்தலும்

இந்திய விமானப் படை 1932 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8 ஆம் நாள் தோன்றியது. அதன் 92 ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமையன்று, சென்னை மெரினாக் கடற்கரையில் 72 விமானங்கள் கலந்துகொண்ட பெருங்காட்சி ஒன்று நடைபெற்றது. கடலூர், சிதம்பரம் பகுதிகளினின்றும் அதனைக் காணச் சென்றோர் உண்டு. அவர்களுள் யானும் ஒருவன்.

முதற்கண் வியப்பைக் கூறுவேன். ரஃபேல் என்னும் போர் விமானம் கடல்மீது தாழ வந்தபோது, கண் அதனைக் கண்ட பின்னரே செவி அதன் முழக்கத்தைக் கேட்டது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். விமானத்தின் விரைவோ அவ்வொலியின் விரைவை நெருங்குவது. ஆதலால், ஓசை வந்த திசையை நோக்கித் தலை நிமிர்ந்தவர்க்கு வெறும் வானமே தென்பட்டது. விமானம் அவ்விடத்தைக் கடந்து நெடுந்தொலைவு சென்றிருந்தது. வகுப்பறையில் பன்முறை எழுதிப் படித்தாலும் விளங்காத பாடம் அங்கே ஒரு நொடியில் விளங்கிற்று. நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட தேஜஸ் விமானமும், சாரங் அணியின் ஹெலிகாப்டர்களும், சூரியகிரண் அணியினரும் காட்டிய ஒழுங்கு பெரிது.

எனினும், என் நெஞ்சில் நின்றது பழைய டகோட்டா விமானமே. அவ்வகை விமானம் முதன்முதலிற் பறந்தது 1935 இல். விசிறி சுழலும் இரண்டு பொறிகளோடு, ஊர்வலம் வருவதுபோல் அது மெல்ல வந்தது. 1947 அக்டோபர் 27 ஆம் நாள், தில்லியிலிருந்து சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஏற்றிச் சென்று சீநகரில் இறக்கிக் காசுமீரத்தைக் காக்கத் துணைநின்றவை டகோட்டா விமானங்களே. போர் என்றால் குண்டு வீசுதல் என்று மட்டும் எண்ணும் இளைஞர், ஆளையும் உணவையும் மருந்தையும் உரிய இடத்தில் உரிய நேரத்திற் சேர்ப்பதும் போரே என்பதை இதனால் அறியலாம். சிந்தாமணியில் மயிற்பொறி உண்டு எனக் காட்டி, வானூர்தியை நாமே முதலிற் செய்தோம் என்று மார்தட்டுவார் சிலர். புலவனது கற்பனை வேறு. எண்ணெய்க் கறை படிந்த கையோடு பழம்பொறியைப் பழுது பார்த்து மீண்டும் பறக்கவிட்டவன் உழைப்பு வேறு.

இனி வருத்தத்தைக் கூறவேண்டும். காட்சி நடந்தது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. மணற்பரப்பில் நிழல் இல்லை. கூடியவர் ஏறத்தாழ 15 இலட்சம் என மதிப்பிட்டனர். கையிற் கொண்டுசென்ற நீர் பலர்க்கு நண்பகலுக்கு முன்னரே தீர்ந்தது. காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே வேளையில் திரும்பினர். சாலைகளும் ரயில் நிலையங்களும் அடைபட்டன. அன்று ஐவர் உயிரிழந்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் மிகப் பலர்.

"குடையும் நீரும் கொண்டு வருக என முன்னரே அறிவித்தார்களே, கொண்டுவராதது மக்கள் பிழை" என்பாரும் உளர். இக்கூற்றை யான் ஏலேன். கைக்குழந்தையை ஏந்திய தாய் எத்தனைக் குடம் சுமப்பாள்? கூட்டத்தின் நடுவே நின்றவன் நீரை விலைக்கு வாங்க விரும்பினும் வெளியே செல்ல வழி ஏது?

பெருங்கூட்டம் நமக்குப் புதியது அன்று. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் தேரோடும் நான்கு வீதிகளிலும் மக்கள் நெருங்கி நிற்பர். மாசி மகத்தன்று கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும். விழா என்றால், தண்ணீர்ப் பந்தலுக்கு இடம் பார்த்து, மோருக்கும் பானகத்துக்கும் பானைகள் தேடுவது நம் ஊர் வழக்கம். இன்னொன்றும் உண்டு. தேர் வீதி வீதியாய் நகர்வதால், கண்டவர் சிறிது சிறிதாகக் கலைவர். விமானக் காட்சியோ ஒரு நொடியில் முடிந்து, கூட்டம் முழுவதையும் ஒருங்கே தெருவில் விடுகிறது. ஆதலின் அதற்கு வழியும் நீரும் தேர்த்திருவிழாவினும் மிகுதியாக வேண்டும்.

இத்தகைய காட்சியே வேண்டா என்று யான் கூறேன். அதைக் கண்ட சிறுவருள் சிலராவது பொறியியலையோ வான்படையையோ நாடுவர். வேளையை மாற்றுக என்பதே என் வேண்டுகோள். மெரினா கிழக்கு நோக்கிய கரை. பிற்பகல் 3.30 மணிக்குமேல் கதிரவன் முதுகுப்புறம் சாய்வான், கண் கூசாது, கடற்காற்றும் வீசும். புரட்டாசி மாலையில் இடிமழை வருமே எனின், காட்சியை மாசித் திங்களுக்கு ஒத்திவைக்கலாம். அக்டோபர் 8 ஐ ஒட்டியே நடத்துவது மரபேயன்றி, மாற்றலாகாத விதி அன்று. ஒரே நாளில் நடத்துவதை விடுத்து இரு நாட்களாகப் பகுத்தால் கூட்டமும் பாதியாகக் குறையும், விமானங்களோ அவையேதாம்.