அடங்கிய நாதம்

இசையில் ஈடுபாடுள்ள மாணவர் சிலர் அண்மையில் எம்மிடம் ஒரு குறை கூறினர். பழைய அமெரிக்க இசைத்தட்டுகளிலே கேட்கும் பேஸ் கிற்றாரின் அடங்கிய நாதம் தம் கருவியில் எழவில்லையாம். அதற்குப் புதிய மின்கருவிகள் பல வாங்க வேண்டுமாம். தமிழாசிரியருக்கு இதில் என்ன பேச்சு என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் அம்மாணவர் கருத்தை யாம் உடன்படோம்.

அந்நாதத்தால் புகழ்பெற்றோருள் தலையாயவர், டிற்றோயிற் நகரில் மோற்றவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983). அவர் பெரிதும் கையாண்டது 1962 ஆம் ஆண்டுப் பென்டர் பிரசிசன் பேஸ். அதன் தந்திகள் தட்டையான உலோக நாடா சுற்றியவை. அவற்றில் விரல் உராயும் ஓசை மிகக் குறைவு. அறுந்தாலன்றி அவர் தந்தி மாற்றுவதில்லை என்பர். குதிரையை மூடிய தகட்டின் உள்ளே நுரைப்பஞ்சுத் துண்டொன்று தந்திகளை மெல்ல அழுத்திற்று. மீட்டியது சுட்டுவிரல் ஒன்றே.

பஞ்சு செய்வது யாது? தந்தியிலெழும் மேற்சுரங்களை விரைவில் அடக்கி, ரீங்காரத்தைக் குறுக்குகிறது, அடிநாதம் எஞ்சுகிறது. ஒரு மாத்திரை உகரம் குற்றியலுகரமாகி அரை மாத்திரையாய்க் குறுகினும் சொல் சிதையாமை போன்றது இது. அது குறுகுவதாலேயே பாடுவோர் குரலுக்கும் முழவுக்கும் இடம் கிடைக்கிறது.

ஆதலின், மாணவரே, தட்டைத் தந்தியும் சிறு பஞ்சுத் துண்டும் கொண்டு தொடங்குக. மிக அழுத்தினால் நாதம் செத்துவிடும். பஞ்சைச் சிறிது சிறிதாக நகர்த்திச் செவியால் அளவு காண்க. தொனித் திருகைச் சற்றே குறைக்க. எனினும் பஞ்சு மட்டும் ஜேமர்சனை ஆக்காது. நிறுத்தி வாசிக்கும் பெரிய பேஸிலே பல்லாண்டு பழகிய விரல் அவருடையது. பணங்கொடுத்து வாங்கவியலாத பொருள் அஃதொன்றே.

இன்னுமொன்று. மோற்றவுன் தன் வாத்தியக்காரர் பெயரை நெடுங்காலம் உறைகளில் அச்சிடவில்லை. 1971 இல் மாவின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஓன்’ வெளிவந்தபோதே ஜேமர்சன் பெயர் உறையில் ஏறிற்று. அதற்கு முன்னரே அவர் வாசிப்பை உலகம் கேட்டிருந்தது. வாசித்தவர் யாரென அறிந்திலது. நாதத்தை மீளப் படைக்க விழைவோர் அப்பிழையை மீளச் செய்தலாகாது.

விழா மேடையில் நம் மாணவர் இசைக்கும்போது, பாடுபவன் பெயரோடு பேஸ் வாசிப்பவன் பெயரையும் அறிவிப்போமாக.